எத்தனை சொட்டு, ஆன்ட்டி?

எங்கள் வீட்டில் சாமி மேடைக்கு அடுத்த மரியாதை தைலப் பாட்டிலுக்குத்தான். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். விடியற்காலை மரம் வெட்டக் கிளம்பும்போது அம்மா முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் படியிறங்குவார். மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வந்ததும் நெற்றியில் ஒரு தடவல். தம்பிக்குச் சளி என்றால் நெஞ்சில். எனக்குப் பஸ்ஸில் தலைசுற்றினால் கைக்குட்டையில். அப்பாவுக்கு வயிற்றுவலி என்றால் ஒரு கரண்டி சீனியில் இரண்டு சொட்டு. தோட்டத்து டிரசரிடம் போவதற்கு முன்பும் தைலம், போய் வந்த பிறகும் தைலம். அம்மா தவறி 11 வருடங்கள் ஆகின்றன. யூகலிப்டஸ் வாசனை எங்காவது வந்தால் இன்றும் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த வாசனைதான் பிறகு எனக்குத் தொழிலும் ஆனது. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் பெண்களுக்கு மட்டும் அரோமாதெரபி மசாஜ் செய்யும் சின்ன அறை ஒன்றைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன். கோலாலம்பூரில் முறையாக வகுப்புக்குப் போய்ப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். லாவெண்டர், செராய், யூகலிப்டஸ், ஆரஞ்சு என்று அலமாரி நிறைய சின்னச் சின்னப் பழுப்பு நிறப் பாட்டில்கள். எந்த எண்ணெயை எந்த அளவில் கலக்க வேண்டும், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பேரனுக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு நாளாகச் சளி. மூக்கு அடைத்துக்கொண்டதால் பால் குடிக்க முடியாமல் அழுதுகொண்டே இருந்தான். என் கை தானாக அலமாரிக்குப் போனது. ஏர்கண்ட் போட்டுக் கதவு சாத்திய அறை. டிஃப்யூசரில் யூகலிப்டஸ் எண்ணெயைச் சாய்த்தேன். சட்டையின் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தடவினேன். விரலில் ஒட்டியிருந்ததை, அம்மா தம்பிக்குச் செய்வதுபோலவே, மூக்குக்குக் கீழே லேசாக ஒரு இழுப்பு.

சில நிமிடங்கள்தான். ஒரு இருமல் வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. முகம் சிவந்து, உதட்டோரம் கருநீலமாகத் தொடங்கியது. தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெளிக்காற்று பட்டதும் ஒரு கேவல், பிறகு ஒரு வீறிடல். அந்த அழுகையைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அழுகை நின்று, பிள்ளை துவண்டுபோய்த் தூங்கி வழிந்தான். அது இன்னும் பயமாக இருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நம் பெண், சின்ன வயது. முகமூடியை வைத்துப் பிராணவாயு கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "என்ன எண்ணெய் போட்டீங்க?" சொன்னேன். "எத்தனை சொட்டு, ஆன்ட்டி?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

வாடிக்கையாளர்களுக்குச் சொட்டு எண்ணி எண்ணி நோட்டில் எழுதி வைக்கிறவள் நான். என் பேரனுக்கு எண்ணவே இல்லை. ஏனென்றால் அது 'தைலம்'. தைலத்தை யாராவது எண்ணுவார்களா? "இயற்கையானதுதானே டாக்டர், நாங்கெல்லாம் இதத் தடவித்தானே வளர்ந்தோம்" என்று ஏதோ முணுமுணுத்தேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க போட்டது மருந்து, ஆன்ட்டி. வேலை செய்யுற மருந்து. அதனாலதான் எத்தனை சொட்டுன்னு கேக்குறேன்" என்றாள்.

ஒரு இரவு வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சான்றிதழ் வாங்கியபோது படித்ததையெல்லாம் திரும்ப எடுத்துப் படித்தேன். அப்போது படிக்காததையும் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது இந்தத் தைலம்?

யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். அங்குள்ள பூர்வகுடிகள் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் அதன் இலைகளைப் பயன்படுத்தி வந்தார்கள். 1788-இல் சிட்னியில் வந்திறங்கிய முதல் கப்பல் கூட்டத்து வைத்தியர்களே அந்த இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். அதை வியாபாரமாக்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக் கடைக்காரர். 1850களில், தாவரவியல் அறிஞர் ஃபெர்டினண்ட் வான் முல்லரின் தூண்டுதலால், மெல்பர்ன் நகருக்கு வெளியே டாண்டெனாங் ஓடைக்கரையில் காய்ச்சத் தொடங்கினார். நம்மூர்ப் பெரியவர்களுக்குக் கிளிப் படம் போட்ட தைலம் என்றால் தெரியும். அந்தக் கிளி அவருடைய கிளிதான்.

நீலகிரித் தைலம் என்று நாம் சொல்வதும் இதே மரத்தின் எண்ணெய்தான். 1843 வாக்கில் வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கு இந்த மரத்தைக் கொண்டுவந்தார்கள். வைத்தியத்துக்காக அல்ல, குளிருக்கு எரிக்க விறகு வேண்டும் என்பதற்காக. மலையில் இருந்த புல்வெளிகளும் சோலைகளும் அதனால் எவ்வளவோ சுருங்கிப்போயின. அது தனிக்கதை. ஒரு முறை உறவுக்காரர்களோடு ஊட்டிக்குப் போனபோது தகரக் கொட்டகையில் தைலம் காய்ச்சுவதைப் பார்த்தேன். பெரிய அண்டாவில் இலையைத் திணித்து, தண்ணீர் ஊற்றி, வாயை மூடி அடுப்பேற்றுகிறார்கள். ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து இறங்குகிறது. தண்ணீருக்கு மேலே மிதப்பதை வடித்தால் தைலம். காய்ச்சி முடித்த இலையைக் காயவைத்து அதையே அடுப்புக்கும் போடுகிறார்கள்.

நூறு கிலோ பச்சை இலையைக் காய்ச்சினால் ஒன்றிரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். இதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பாட்டிலில் இருப்பது இலை இல்லை. ஒரு கூடை இலையின் சத்தைப் பிழிந்து வைத்த துளி. அம்மா வேப்பிலையையோ நொச்சியையோ தண்ணீரில் போட்டு வேது பிடிக்க வைத்ததும், நான் பாட்டிலைச் சாய்த்ததும் ஒன்றல்ல.

நம் நாட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. மலாயில் 'மிஞ்ஞாக் காயு பூத்தே' என்று சொல்வது உண்மையில் கெலாம் மரத்து எண்ணெய். சிங்கப்பூரில் கம்போங் கிளாம் என்ற இடத்துக்குப் பெயர் கொடுத்த மரம் அதுதான். திரங்கானு கடற்கரைப் பக்கம் போனால் பட்டை உரிந்து வெள்ளையாக நிற்கும் கெலாம் காடுகளைப் பார்க்கலாம். அதுவும் யூகலிப்டசும் ஒரே குடும்பம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம் கொய்யாவும் கிராம்பும்கூட அந்தக் குடும்பம்தான். யூகலிப்டஸ் எண்ணெயையும் இங்கே காயு பூத்தே என்றே பலர் சொல்வதால், இரண்டில் எது கையில் இருக்கிறது என்று தெரியாமலே தடவுகிறோம். வாங்கும்போது பாட்டிலில் தாவரத்தின் அறிவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'யூகலிப்டஸ் குளோபுலஸ்' என்றோ, கெலாம் என்றால் 'மெலலூக்கா கஜுபுடி' என்றோ போட்டிருக்கும். வெறுமனே 'ஃபிராக்ரன்ஸ் ஆயில்' என்று மட்டும் இருந்தால் அது வாசனைக்கான கலவை. அதை உடம்பில் தடவ வேண்டாம்.

இன்னொரு வகையும் உண்டு. எலுமிச்சை வாசனை அடிக்கும் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா. அதில் வேறு சத்து. கொசுவிரட்டிகளில் அதிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். சளிக்கு உதவுவது அது இல்லை.

மூக்கில் நடப்பது என்ன?

யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியச் சத்து சினியோல். மருந்துத் தரத்தில் விற்கும் எண்ணெயில் நூற்றுக்கு 70 பங்காவது அது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. மூக்கிலும் தொண்டையிலும் குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. சினியோலும் புதினாவில் உள்ள மென்தாலும் அந்த நுனிகளைத் தட்டி எழுப்புகின்றன. 'குளிர்ந்த காற்று நிறைய வருகிறது' என்று மூளை நினைத்துக்கொள்கிறது. மூக்கு திறந்த மாதிரி இருக்கிறது. மென்தாலை வைத்துச் செய்த சோதனைகளில், உள்ளே போகும் காற்றின் அளவு கூடவே இல்லை, திறந்த உணர்வு மட்டும்தான் வந்தது என்று கண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. அப்படியானால் இத்தனை காலமும் ஏமாற்றா? அப்படியும் சொல்ல முடியாது. சளி பிடித்தவனுக்கு இரவில் வேண்டியது மூச்சு வருகிறது என்ற நிம்மதிதான். அது தூக்கத்தைக் கொடுக்கும். அதோடு, சினியோல் சளியை இளக்கும் தன்மை உள்ளது. ஜெர்மனியில் மூச்சுக்குழல் சளிக்கும் சைனஸ் தொல்லைக்கும் சினியோலை அளந்து குப்பியில் அடைத்து மருந்தாகவே விற்கிறார்கள். அளந்து என்பதைக் கவனியுங்கள். அது இரைப்பையைத் தாண்டிக் குடலில் கரையும்படி தயாரித்த மருந்து. நம் வீட்டுப் பாட்டிலைத் திறந்து சீனியில் விட்டுக் குடிப்பது அதற்கு ஈடாகாது.

வலிக்குத் தடவும்போதும் இதே கதைதான். தோலில் குளிர்ச்சியும் காந்தலும் வருகிறபோது உள்ளே இருக்கும் வலி சற்றுப் பின்னுக்குப் போகிறது. தேய்க்கும் கையின் சூடும் அழுத்தமும் பாதி வேலையைச் செய்கின்றன. அம்மாவின் முழங்கால் தேய்மானத்தைத் தைலம் ஒரு நாளும் குணப்படுத்தவில்லை. ஆனால் அன்றைய மரங்களை வெட்டி முடிக்க வைத்தது.

மனசுக்கு என்ன செய்கிறது என்றும் கேட்பார்கள். கண்ணும் காதும் வாங்கும் செய்திகள் மூளையின் நடுவில் ஒரு நிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், ஞாபகமும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடுகிறது. நான் திரும்பிப் பார்ப்பது அதனால்தான். என் மாடிக்கு வரும் பெண்களில் சிலர் யூகலிப்டஸ் வாசனை பட்டதும் கண்ணை மூடி "எங்க பாட்டி" என்பார்கள். இறுகியிருந்த தோள் இறங்கிவிடும். 'அரோமாதெரபி' என்ற சொல்லைக் கொடுத்தவர் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் ஆராய்ந்தது எண்ணெய்கள் கிருமியையும் காயத்தையும் என்ன செய்கின்றன என்பதை. எங்கள் அறையில் நடப்பது பெரும்பாலும் வேறு. தொடுகை, அமைதி, பழைய வாசனை. அதற்குமேல் நோயைத் தீர்ப்பேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வீட்டு விற்பனைக் கூட்டத்தில், "தினமும் ஒரு சொட்டு தண்ணீரில் விட்டுக் குடியுங்கள், எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று ஒரு பெண் மேடை போட்டுச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து மறுத்துப் பேசாமல் இருந்தது என் தப்பு.

பிள்ளைகள் விஷயம்

பெரியவர்களுக்குக் குளிர்ச்சியாகத் தெரிவது கைக்குழந்தைக்கு வேறு மாதிரி. மூக்கருகே இவ்வளவு கடுமையான ஆவி பட்டால் குரல்வளை சட்டென்று இறுகி மூச்சுத் தடைபடலாம். இதனாலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 30 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு யூகலிப்டஸ் எண்ணெய் கூடாது என்று சொல்கிறது. இரண்டரை வயது. என் பேரனுக்கு எட்டு மாதம். வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் கூடாது. எங்கள் துறையில் கவனமானவர்கள் பத்து வயது வரை முகத்தருகே தடவ மாட்டார்கள்.

குடித்துவிட்டால் இன்னும் மோசம். சின்னப் பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே, சில சமயம் அதைவிடக் குறைவாகவே, ஆபத்தாகலாம். வாய் எரியும், வாந்தி வரும், தள்ளாடும், அரை மணி நேரத்துக்குள் மயக்கமாகத் தூங்கி விழலாம், வலிப்பும் வரலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. நச்சுப் பொருள் விழுங்கிய விஷயத்தில் ஆலோசனை சொல்வதுதான் அவர்கள் வேலை.

நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஜி-6-பி-டி குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டை ஆகாது என்று தாதிகள் சொல்லி அனுப்புவார்கள். கற்பூரமும் மென்தாலும் கலந்த களிம்புகளையும் தவிர்க்கச் சொல்வார்கள். பாட்டிமார்கள் அந்த நேரத்தில் பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருப்போம், காதில் விழுந்திருக்காது. கேட்டு வையுங்கள்.

அப்படியானால் சளி பிடித்த கைக்குழந்தைக்கு என்னதான் செய்வது என்று அந்த டாக்டரிடமே கேட்டேன். பார்மசியில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, பாலுக்கு முன்பு உறிஞ்சி எடுக்கச் சொன்னாள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பால். மூச்சு வேகமானாலோ, நெஞ்சு உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே கிளினிக். அவ்வளவு எளிதாக இருந்தது.

பெரியவர்களுக்கு எப்படி?

தைலத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. என் அறையில் இன்றும் அதிகம் செலவாவது யூகலிப்டஸ்தான். ஆனால் நேராக, கலக்காமல், தோலில் விடுவது இல்லை. ஒரு மில்லியில் ஏறத்தாழ 20 சொட்டு. 30 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ 12 சொட்டு விட்டால் நூற்றுக்கு 2 பங்கு. பெரியவர்களின் கை, கால், முதுகுக்கு அது போதும். முழங்கால் வலிக்கு நான் ஆறு சொட்டு யூகலிப்டஸ், ஆறு சொட்டு லாவெண்டர் என்று கலப்பேன். தோல் மென்மையானவர்களுக்கு அதிலும் பாதி. முதல் முறை முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஆவி பிடிப்பவர்கள் கொதிக்கிற தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு போர்வையை மூடுவது எனக்குப் பார்க்கவே பதறும். சட்டி கவிழ்ந்து வெந்துபோனவர்கள் எத்தனையோ பேர். மேசை மேல் அகலமான பாத்திரம், கொதி அடங்கிய தண்ணீர், இரண்டு சொட்டு, கண்ணை மூடி ஐந்து நிமிடம். அதற்குமேல் தேவையில்லை. இன்னும் சுலபமான வழி சொல்லட்டுமா? குளியலறையில் சுடுதண்ணீர் ஓடும்போது தரையின் ஒரு மூலையில் இரண்டு சொட்டு விட்டுவிட்டுக் குளியுங்கள். கால் வைக்கும் இடத்தில் விடாதீர்கள், வழுக்கும். பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம்.

டிஃப்யூசரில் நூறு மில்லி தண்ணீருக்கு மூன்று நான்கு சொட்டு, அரை மணி நேரம், பிறகு அணைத்துவிடுங்கள். சன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். இரவு முழுக்க ஓடவிடுவது பெருமை இல்லை, தலைவலிதான் வரும். ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு இது ஆறுதல், சிலருக்கு இதே வாசனை இழுப்பைக் கிளப்பிவிடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். பூனையின் ஈரலால் இந்த மாதிரி எண்ணெய்களை வெளியேற்ற முடிவதில்லை.

புகைமூட்டக் காலத்தில் என்னிடம் யூகலிப்டஸ் கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். புகையை இந்த எண்ணெய் சுத்தப்படுத்தாது. காற்றில் மிதக்கும் தூசு அப்படியேதான் இருக்கும். முகமூடி போடுங்கள், சன்னலைச் சாத்துங்கள், வாசனைக்கு வேண்டுமானால் கைக்குட்டையில் ஒரு சொட்டு.

சாமி விளக்குப் பக்கம் பாட்டிலை வைக்காதீர்கள். சீக்கிரம் தீப்பற்றும் எண்ணெய் இது. பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி வைத்தால் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, பிள்ளைக்கு எட்டாத உயரம். எங்கள் வீட்டில் அம்மாவின் பாட்டில் எப்போதும் தலையணைக்குப் பக்கத்தில், தரையில்தான் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகாதது தைலத்தின் நல்ல குணம் இல்லை, எங்கள் அதிர்ஷ்டம்.

வைத்தியம் அல்லாத ஒரு உபயோகமும் சொல்லிவிடுகிறேன். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டின் பசையைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தால் இரண்டே நிமிடத்தில் போய்விடும். என் மகள் இந்த எண்ணெயை மன்னித்தது முதலில் இதற்காகத்தான்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இருந்து வந்த அன்று அவள் என்னைத் திட்டவில்லை. வீட்டில் இருந்த எல்லாப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு, கேட்டுக்கு வெளியே என் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அம்மாவுடைய பழைய, காலியான பாட்டிலும் அதில் இருந்தது. பல மாதங்கள் பிள்ளையை என்னிடம் தனியாக விடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. பிறகு ஒரு நாள், நான் பிள்ளையைத் தூக்கும் முன்பு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முகர்ந்து பார்ப்பதைக் கவனித்தாள் போலிருக்கிறது. அடுத்த வாரம் வேலைக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போன மாதம் அவளுக்கு நல்ல இருமல். போன் செய்து, "அம்மா, வர்றப்ப தைலம் கொண்டு வாங்க" என்றாள். "எனக்கு. அவனுக்கு இல்ல."

பேரனைக் கூடத்தில் தாத்தாவோடு உட்காரவைத்து, அறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, மேசையில் தண்ணீர் வைத்தேன். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, மகள் காதில் விழுகிற மாதிரி எண்ணினேன். "ஒண்ணு. ரெண்டு." மூடியைத் திருகிவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இப்போதுதான் எண்ணப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு குரல், "மூணு, பாட்டி! மூணு!" என்று கத்தியது.

"இல்லடா" என்றாள் என் மகள், துணிக்குள் இருமிக்கொண்டே. "ரெண்டோட சரி."